கிரகணத்துக்கு வேண்டியது கதவடைப்பா, கண்ணாடியா?

புதுதில்லி: வரும் 2027-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி திங்கள்கிழமை மாலை, இந்தியாவின் மேற்கு, தெற்குப் பகுதிகளில் சூரிய கிரகணம் தெரியும். எகிப்தின் லக்சர் நகரையொட்டிய பகுதிகளில் சூரியன் ஆறு நிமிடங்களுக்கும் மேலாக முற்றிலும் மறையவிருக்கும் அதே கிரகணம், நம் நாட்டில் பகுதி கிரகணமாக மட்டுமே காணப்படும். வடகிழக்கே செல்லச் செல்ல மறைவு குறைந்துகொண்டே போகும். நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் வழக்கமாக நடைபெறும் காலம் அது. அவையிலிருந்து வெளியே வரும் உறுப்பினர்களும் அன்று வானத்தை அண்ணாந்து பார்க்கக்கூடும்.

அவர்கள் எதைக் கொண்டு பார்ப்பார்கள் என்பதுதான் கேள்வி. உறுப்பினர்களுக்குக் கண்ணாடி கிடைத்துவிடும். அரசுப் பள்ளியில் படிக்கும் மாணவனுக்கு எது கிடைக்கும்? தரமான கண்ணாடியா, பழைய எக்ஸ்ரே படமா, அல்லது வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திரு என்ற உத்தரவா? கடந்த அரை நூற்றாண்டில் இந்திய அரசும் சமுதாயமும் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன.

வெறிச்சோடிய தலைநகரம்

1980-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி, கர்நாடகக் கடற்கரையில் தொடங்கி ஆந்திரம் வழியாக ஒடிசாவின் புரி, கோனாரக் வரை முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. அறிவியலாளர்கள் கருவிகளோடு அந்தப் பாதையில் முகாமிட்டிருந்தனர். தில்லியில் நிலைமை வேறாக இருந்தது. கண்பார்வை போய்விடும் என்ற அச்சம் பரவித் தெருக்கள் வெறிச்சோடின. மக்களை வீட்டுக்குள் இருத்திவைக்க அன்று பிற்பகல் தூர்தர்ஷன் "சுப்கே சுப்கே" என்ற இந்தி நகைச்சுவைப் படத்தை ஒளிபரப்பியதை அந்தத் தலைமுறையினர் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

நாட்டின் அரசியல் சாசனம் அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக ஆக்கி அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 51-அ பிரிவின் (ஹ) உட்பிரிவு அதைத்தான் சொல்கிறது. சாசனத்தில் அறிவியல் மனப்பான்மை, தொலைக்காட்சியில் திரைப்படம் என்ற முரண்பாட்டை அன்று பெரிதாக எவரும் சுட்டிக்காட்டவில்லை.

மாற்றம் வர பதினைந்து ஆண்டுகள் ஆயின. 1995-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி, தீபாவளிக்கு மறுநாள் காலை, ராஜஸ்தானின் நீம் கா தானாவிலிருந்து மேற்கு வங்கத்தின் டைமண்ட் ஹார்பர் வரை முழுக் கிரகணம் தெரிந்தது. முழு மறைவு நீடித்தது சுமார் ஒரு நிமிடமே. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்காக மத்திய அரசின் தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தகவல் தொடர்புக் குழுவும், விஞ்ஞான் பிரசார் நிறுவனமும், மாநிலங்களில் இயங்கிய மக்கள் அறிவியல் இயக்கங்களும் பல மாதங்களுக்கு முன்பே பணியைத் தொடங்கின. சூரிய வடிகட்டிகள் தயாரித்து விநியோகிக்கப்பட்டன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. விமானப் படையின் மிக்-25 விமானம் மேகங்களுக்கு வெகு உயரத்தில் பறந்து கிரகணத்தைப் படம்பிடித்தது. "பார்க்காதே" என்று சொல்லிவந்த அரசு, "இப்படிப் பார்" என்று சொல்லத் தொடங்கியது அப்போதுதான்.

பிஸ்கட் அரசியல்

அந்த மாற்றம் நேர்கோட்டில் செல்லவில்லை. 2009-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் தேதி அதிகாலை, சூரத்திலிருந்து பாட்னா வரை முழுக் கிரகணம் தெரியவிருந்தது. பாட்னாவுக்கு அருகிலுள்ள தாரேக்னா என்ற சிற்றூர், கிரகணம் காண மிகச் சிறந்த இடம் என உலகப் புகழ் பெற்றது. கிரகணத்துக்குக் காரணம் நிழலே என்று கி.பி. 499-ஆம் ஆண்டிலேயே எழுதிய ஆரியபட்டரோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ஊர் அது. முதல்வர் நிதீஷ் குமாரும் அங்கு சென்றார். பெருங்கூட்டம் திரண்டிருந்தது, மேகம் சூரியனை மறைத்துவிட்டது.

அவ்வாண்டு பிகாரில் மழை பொய்த்தது. கிரகண நேரத்தில் முதல்வர் பிஸ்கட் தின்றதே வறட்சிக்குக் காரணம் என்று லாலு பிரசாத் கூறியதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அது கேலியா, வாக்குக் கணக்கா என்பதை அவரவர் முடிவுக்கு விட்டுவிடலாம். ஆயினும் கிரகணம் என்பது வானியல் நிகழ்வாக மட்டும் இந்த நாட்டில் இல்லை. அரசியல்வாதி எதைச் சொல்கிறார், எதைச் செய்கிறார் என்பதை மக்கள் கவனிக்கும் நேரமாகவும் உள்ளது என்பதை அந்தச் சர்ச்சை காட்டியது.

அந்த வகையில் 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி, கையில் கிரகணக் கண்ணாடியுடன் தாம் இருக்கும் படத்தை வெளியிட்டதைக் குறிப்பிட வேண்டும். தில்லியில் மேகமூட்டத்தால் சூரியனைக் காண இயலவில்லை என்றும், கோழிக்கோட்டில் தெரிந்த காட்சியை நேரலையில் பார்த்ததாகவும் அவர் தெரிவித்தார். அவர் அணிந்திருந்த குளிர்க்கண்ணாடியின் விலை குறித்து சமூக ஊடகங்களில் எழுந்த விவாதத்தில், கையிலிருந்த கிரகணக் கண்ணாடியைப் பலர் கவனிக்கவில்லை. அமெரிக்காவில் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21-ஆம் தேதி, வெள்ளை மாளிகை மாடத்தில் நின்ற அதிபர் டொனால்ட் டிரம்ப் கண்ணாடியின்றிச் சூரியனை அண்ணாந்து பார்த்த படம் உலகம் முழுவதும் பரவியதையும் நினைவில் கொண்டால், தலைவர் கையில் ஒரு கண்ணாடி இருப்பது எவ்வளவு பெரிய பிரசாரம் என்பது விளங்கும்.

வலியில்லாத காயம்

அதே 2019 டிசம்பர் கிரகணத்துக்கு இரு வேறு பின்விளைவுகளும் இருந்தன. ஜெய்ப்பூரின் அரசு மருத்துவமனை ஒன்றுக்குச் சிறுவர்களும் இளைஞர்களுமாகப் பத்துக்கும் மேற்பட்டோர் பார்வைக் குறைவுடன் வந்ததாக 2020 ஜனவரியில் செய்திகள் வெளியாயின. வெறுங்கண்ணால் கிரகணத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். ராஜஸ்தானில் அன்று தெரிந்தது பகுதி கிரகணம் மட்டுமே. மறுபுறம், கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில், ஊனம் நீங்கும் என்ற நம்பிக்கையில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் கழுத்தளவு மண்ணில் புதைக்கப்பட்ட செய்தி வந்தது. அதிகாரிகள் தலையிட்டு அவர்களை மீட்டனர். ஓரிடத்தில் அச்சமின்மை கண்ணைப் பறித்தது. மற்றோரிடத்தில் அறியாமை குழந்தைகளை வதைத்தது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: உரிய நேரத்தில் கிடைக்கும் சரியான தகவல்.

கிரகணத்தின்போது சூரியனிலிருந்து புதிய கதிர் எதுவும் புறப்படுவதில்லை. சாதாரண நாளில் வரும் அதே ஒளிதான் வருகிறது. சாதாரண நாளில் கண் கூசுவதால் நாம் பார்ப்பதில்லை. கிரகண நாளில் ஒளி குறைந்திருப்பதாலும் ஆவலாலும் உற்றுப் பார்க்கிறோம். ஆபத்து இங்குதான் தொடங்குகிறது. சூரியனின் நூறில் ஒரு பங்கு மட்டும் வெளியே தெரிந்தாலும், அது முழு நிலவைப்போல் சில ஆயிரம் மடங்கு ஒளியுடையது. அந்த ஒளியைக் கண்ணின் வில்லை விழித்திரையின் ஒரு புள்ளியில் குவிக்கிறது. அங்குள்ள ஒளியுணர் செல்கள் ஒளிவேதியியல் மாற்றத்தால் சிதைகின்றன.

விழித்திரைக்கு வலி தெரியாது. எனவே காயம் படும் நேரத்தில் எச்சரிக்கை எதுவும் கிடைப்பதில்லை. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் பார்வையின் நடுவில் கரும்புள்ளி தோன்றும், எழுத்துகள் நெளியும். சிலருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ பார்வை ஓரளவு திரும்பும், சிலருக்குத் திரும்புவதேயில்லை. பலன் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இதற்கு இல்லை. 2017-ஆம் ஆண்டு கிரகணத்துக்குப் பிறகு நியூயார்க்கில் ஒரு பெண்ணின் விழித்திரையைப் பரிசோதித்த மருத்துவர்கள், அவர் பார்த்த பிறைச் சூரியனின் வடிவத்திலேயே அங்குக் காயம் பதிந்திருந்ததைக் கண்டனர். குழந்தைகளின் கண்வில்லை பெரியவர்களுடையதைவிடத் தெளிவானது. அதனால் அவர்களது விழித்திரையை எட்டும் ஒளியும் அதிகம்.

எந்தக் கண்ணாடி?

புவி அறிவியல் அமைச்சகத்தின்கீழ் கொல்கத்தாவில் இயங்கும் வானியல் நிலை மையம், ஒவ்வொரு கிரகணத்துக்கும் முன்னதாக ஊர்வாரியாக நேரங்களைக் கணித்து வெளியிடுகிறது. ராஷ்டிரிய பஞ்சாங்கத்தைத் தயாரிப்பதும் இந்த மையமே. அதன் அறிவிப்புகளில், மிகக் குறைந்த நேரம்கூட வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கையும், அலுமினியம் பூசிய மைலார் தாள், கருப்பு பாலிமர், 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடி ஆகியவையே ஏற்ற வடிகட்டிகள் என்ற குறிப்பும் தவறாமல் இடம்பெறுகின்றன.

கடையில் விற்கும் அட்டைக் கண்ணாடிகளுக்கு ஐஎஸ்ஓ 12312-2 என்ற சர்வதேசத் தரம் உள்ளது. அத்தரப்படி, விழும் ஒளியில் ஒரு லட்சம் பங்கில் ஏறத்தாழ மூன்று பங்குக்கு மேல் கண்ணாடி உள்ளே விடக் கூடாது. அந்த எண் அச்சிடப்பட்டிருப்பது மட்டுமே தரத்துக்குச் சான்றாகாது. எவரும் எதையும் அச்சிடலாம். 2017-இல் அமெரிக்காவில், தரம் உறுதி செய்யப்படாத கண்ணாடிகளை வாங்கியவர்களுக்கு அமேசான் நிறுவனம் கிரகணத்துக்குச் சில நாள்களுக்கு முன் பணத்தைத் திருப்பித்தர நேர்ந்தது.

வீட்டிலேயே செய்யக்கூடிய முதற்கட்டச் சோதனை ஒன்று உண்டு. கண்ணாடியை அணிந்துகொண்டு அறைக்குள் சுற்றிப் பார்த்தால் எதுவும் தெரியக் கூடாது. பிரகாசமான விளக்கு மட்டும் மிக மங்கலாகத் தெரியலாம். மேசையும் கதவும் தெரிந்தால் அது குளிர்க்கண்ணாடி. கிரகணக் கண்ணாடி அல்ல. கீறல், துளை, மடிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அதைக் கிழித்தெறிவதே நல்லது. 2019 அல்லது 2020-ஆம் ஆண்டில் வாங்கி அலமாரியில் கிடக்கும் கண்ணாடிகளுக்கும் இது பொருந்தும்.

எக்ஸ்ரே படம், புகைப்படச் சுருள், புகை பிடித்த கண்ணாடிச் சில்லு, குறுந்தகடு, ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்த குளிர்க்கண்ணாடிகள் ஆகிய எவையும் பாதுகாப்பானவை அல்ல. இவை கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைத்து, கூச்சத்தைப் போக்கி, நீண்ட நேரம் பார்க்கும் துணிச்சலைத் தருகின்றன. தீங்கு செய்யும் ஒளியைப் போதிய அளவு தடுப்பதில்லை.

நம் ஊர்களில் தாம்பாளத்தில் மஞ்சள் நீரோ சாண நீரோ ஊற்றி அதில் சூரியனைப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. நேரடியாகப் பார்ப்பதைவிட இது மேல் என்றாலும் பாதுகாப்பான முறை அன்று. தலைக்கு மேலே உள்ள சூரியனின் ஒளியில் சுமார் 2 சதவீதத்தை நீர்ப்பரப்பு திருப்பி அனுப்புகிறது. தரமான கண்ணாடி அனுமதிக்கும் அளவைப்போல் இது அறுநூறு மடங்குக்கும் அதிகம். சூரியன் சாயச் சாய இந்த அளவு மேலும் கூடும். 2027 ஆகஸ்டில் நமக்குக் கிரகணம் தெரியப்போவது சூரியன் சாயும் மாலையில் என்பதை மறந்துவிடக் கூடாது.

மாலைச் சூரியனில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி, மீண்டும் ஒரு தீபாவளிக்கு மறுநாள், தில்லியில் சூரியன் கிரகணத்தோடே அஸ்தமித்தது. தூசும் புகையும் சூழ்ந்த அடிவானத்தில் சூரியன் மங்கிச் சிவந்து, பார்க்க இதமாகத் தோன்றும். அந்த இதத்தை நம்பி நெடுநேரம் உற்றுப் பார்ப்பது தவறு. மேகத்தினூடே தெரியும் சூரியனுக்கும் இதே விதிதான்.

காசில்லாத வழி

கண்ணாடி கிடைக்காத பள்ளியிலும் கிரகணம் காண வழி இருக்கிறது. அட்டையில் ஊசியால் சிறு துளையிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே வரும் ஒளியை வெள்ளைத் தாளில் விழச் செய்தால், சூரியனின் உருவம் அதில் தெரியும். துளைக்கும் தாளுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி இருந்தால் உருவம் சுமார் 9 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். துளை வழியாகச் சூரியனைப் பார்ப்பதல்ல இம்முறை. தாளில் விழும் உருவத்தை மட்டுமே பார்க்க வேண்டும்.

இதைவிடச் சிறந்தது கண்ணாடித் துண்டு முறை. முகம் பார்க்கும் சிறு கண்ணாடியின் மீது, நடுவில் சிறு துளையுள்ள தாளை ஒட்டி, வெயிலில் வைத்து, பிரதிபலிக்கும் ஒளியை இருட்டறையின் சுவரில் விழச் செய்யலாம். இருபது மீட்டர் தொலைவில் ஒரு சாண் அளவுக்குச் சூரியன் தெரியும். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். கண்ணாடியிலிருந்து வரும் ஒளிக்கற்றையின் குறுக்கே எவரும் கண்ணை வைத்துவிடாமல் ஆசிரியர் பார்த்துக்கொண்டால் போதும். மரத்தடி நிழலில் இலைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு பிறையைத் தரையில் வரையும் காட்சிக்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

பைனாகுலர், தொலைநோக்கி, கேமரா வைத்திருப்போர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வடிகட்டி கருவியின் முன்பக்கத்தில், சூரியனை நோக்கிய முனையில் இருக்க வேண்டும். கண்ணில் கிரகணக் கண்ணாடி அணிந்துகொண்டு பைனாகுலரில் பார்த்தால், குவிந்த ஒளி அந்தக் கண்ணாடியையே பொசுக்கிவிடும்.

எப்போது கழற்றலாம்?

முழுக் கிரகணத்தில் சூரியன் முற்றிலும் மறைந்திருக்கும் சில நிமிடங்கள் மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம் என்பது அறிவியலாளர்கள் ஏற்றுக்கொண்ட விதி. இந்த விதியை அரைகுறையாகக் கேட்டவர்களே அதிகம் ஏமாறுகின்றனர். பகுதி கிரகணத்துக்கும் வளையக் கிரகணத்துக்கும் இந்த விலக்கு ஒரு நொடிகூடப் பொருந்தாது.

நமக்கு அடுத்து வருபவை பெரும்பாலும் இவ்வகையினவே. 2027-இல் பகுதி கிரகணம். 2031-ஆம் ஆண்டு மே 21-ஆம் தேதி கேரளத்தில் நுழைந்து, தென் தமிழகம் வழியாக வட இலங்கைக்குச் செல்லும் வளையக் கிரகணம். 2010 ஜனவரியில் தனுஷ்கோடியிலும், 2019 டிசம்பரில் கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரங்களிலும் தமிழக மக்கள் கண்ட அதே நெருப்பு வளையம் மீண்டும் வருகிறது. இந்திய மண்ணில் முழுக் கிரகணம் காண 2034-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டும். அதுவும் லடாக்கின் கார்கில் வட்டாரத்தில்தான். அதுவரை, கண்ணாடியைக் கழற்றாதே என்பது ஒன்றே விதி.

நம்பிக்கை வேறு, பாதுகாப்பு வேறு

தில்லியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள குருக்ஷேத்திரத்தில், சூரிய கிரகணத்தன்று பிரம்ம சரோவரில் நீராட லட்சக்கணக்கானோர் கூடுவது வழக்கம். 2020-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் தேதி வளையக் கிரகணத்தின் பாதை அந்த ஊரின் வழியாகவே சென்றபோதும், கொரோனா தொற்றால் பக்தர்கள் கூட்டத்துக்கு அனுமதி தரப்படவில்லை. பெரும்பாலான கோயில்கள் கிரகண நேரத்தில் நடை சாத்துகின்றன. ஸ்ரீகாளஹஸ்தி கோயிலோ திறந்தே இருக்கிறது. வழிபாடு அவரவர் உரிமை. ஆனால் குளக்கரையில் சூரியனை நோக்கிக் கைகூப்பும் பக்தரின் விழித்திரையும், வானியல் மன்றத்து மாணவரின் விழித்திரையும் ஒன்றே. அர்க்கியம் விடுபவர் கையிலும் ஒரு கண்ணாடி இருக்கச் செய்வதில் எந்த மதநம்பிக்கைக்கும் ஊறில்லை.

கிரகண ஒளியால் கருவுற்ற பெண்களுக்குத் தீங்கு என்பதற்கோ, சமைத்த உணவு நஞ்சாகும் என்பதற்கோ அறிவியல் ஆதாரம் இல்லை. பல மணி நேரம் தண்ணீரும் உணவும் இன்றி இருட்டறையில் இருப்பதுதான் கர்ப்பிணிக்குத் தீங்கு செய்யக்கூடும்.

யார் பொறுப்பு?

கிரகண நேரத்தைச் சொல்வது புவி அறிவியல் அமைச்சகம். அறிவியல் பரப்புரை, அறிவியல் தொழில்நுட்பத் துறையின் பொறுப்பு. கண்ணாடியின் தரத்தைக் கவனிக்க வேண்டிய இந்தியத் தர நிர்ணய அமைவனம், நுகர்வோர் நலத் துறையின்கீழ் வருகிறது. பள்ளிகள் மாநிலங்களின் கையில் உள்ளன. பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. இத்தனை பேர் பொறுப்பாக இருக்கும் பணி எவர் பொறுப்பிலும் இல்லாமல் போவது தில்லியில் புதிதல்ல.

1995-இல் இவர்களை இணைத்த நிறுவனங்களுள் ஒன்றான விஞ்ஞான் பிரசார் 2023-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அந்த இடத்தை இந்திய வானியல் சங்கத்தின் மக்கள் கல்விக் குழு, கோளரங்கங்கள், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற மக்கள் அமைப்புகள் தங்களால் இயன்ற அளவு நிரப்பி வருகின்றன. விளக்கக் கையேடுகளை இந்திய மொழிகளில் அவர்கள் தயாரித்துத் தருகின்றனர். ஆனால் நாடெங்கும் உள்ள பள்ளிகளுக்குக் கண்ணாடி வழங்குவதும், சந்தையில் போலிகளைத் தடுப்பதும் தன்னார்வலர்களால் ஆகக்கூடியவை அல்ல.

கிரகணம் எதிர்பாராமல் வரும் பேரிடர் அல்ல. அது வரும் நாளும் நேரமும் பல ஆண்டுகளுக்கு முன்பே விநாடி சுத்தமாகத் தெரியும். இத்தனை முன்னறிவிப்போடு வரும் வேறொரு நிகழ்வு அரசுக்கு வாய்ப்பதில்லை. அறிவியல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, மானியக் கோரிக்கைகளை ஆராயும்போது, இரு அமைச்சகங்களிடமும் ஒரு கேள்வியை எழுப்பலாம்: 2027-க்கும் 2031-க்கும் உங்கள் திட்டம் என்ன, அதற்கு எவ்வளவு ஒதுக்கியுள்ளீர்கள்? தென் மாவட்டங்களைச் சேர்ந்த உறுப்பினர்களுக்கு இக்கேள்வியில் தனி அக்கறை இருக்க வேண்டும். நெருப்பு வளையம் அவர்கள் தொகுதிகளின் மீதுதான் வரப்போகிறது.

பள்ளிகளைப் பூட்டி மாணவர்களை உள்ளே அமர்த்துவது நிர்வாகத்துக்கு எளிது, அதற்குச் செலவில்லை. ஆனால் பூட்டிய அறையின் சன்னல் வழியே திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கும் குழந்தையின் கையில் கண்ணாடி இருக்காது. 1980-இல் அரசு மக்களுக்குத் திரைப்படம் காட்டியது. 1995-இல் சூரியனைக் காட்டியது. 2027-இல் எதைக் காட்டப்போகிறது என்பதை முடிவு செய்ய வேண்டிய காலம் இதுதான்.